கீரை வாடினால் நட்டம் யாருக்கு?

பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றோர் அதனுள் இருவகை வணிகரைக் கண்டிருப்பர். ஒரு வகையினர் உமணர். உப்பு ஏற்றிய வண்டிகளில் எருதுகளைப் பூட்டி, மனைவி மக்களோடும் கோழிக்கூட்டோடும் நெடுவழி செல்பவர் அவர். மற்றொருத்தி ஆய்மகள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் ஏந்தி, அண்மையிலுள்ள குடியிருப்புக்கு நடந்து சென்று, மோரைக் கொடுத்து நெல்லைப் பெற்று வீடு திரும்புபவள் அவள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் வாணிக நூல் செய்யப் புகுந்தவரல்லர். ஆயினும் இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. உப்புக் கெடாது, ஆதலின் வழி எவ்வளவு நீண்டாலும் அதனைக் கொண்டு செல்லலாம். மோர் புளிக்கும்; ஆதலின் ஒரு காலைப்பொழுதில் நடந்து எட்டும் தொலைவே அதற்கு எல்லை.

பேரா மாநிலத் தோட்டப்புறங்களில் தமிழர் உண்ட உணவின் வரலாறு, இவ்விரு வாணிகத்திற்கும் இடையேயுள்ள வேறுபாட்டின் வரலாறே எனலாம். கெடாத சரக்கு எக்காலத்தும் எப்படியோ வந்து சேர்ந்தது. வாடும் சரக்கு வந்து சேரும் வழியைத்தான் எவரும் முறையாக அமைக்கவில்லை. இன்று தோட்டங்களில் எஞ்சியுள்ள குடும்பங்களுக்கும், தோட்டம் விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா முதலிய பட்டணங்களின் ஓரங்களில் குடியேறியோர்க்கும் பசுங்காய்கறி மலிவாகக் கிட்டுமாறு நிதி ஒதுக்கவேண்டும் என்ற பேச்சு எழுகின்றது. நிதி எவ்வளவு என்பதைப் பலர் வினவுகின்றனர். அது எந்த இடத்தில் போய்ச் சேரவேண்டும் என்பதே அதனினும் முந்திய வினா.

ரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய நாள்முதல் தொழிலாளியின் சோற்றுக்கு வேண்டிய அரிசி பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. பர்மாவும் சயாமும் மலாயாவின் நெற்களஞ்சியங்களாக விளங்கின. பருப்பு, புளி, மிளகாய், மல்லி ஆகியவை இந்தியத் துறைமுகங்களில் கப்பலேறின. கருவாடு கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்தது. இவை யாவும் மூட்டையில் மாதக்கணக்கில் கிடக்கக்கூடியவை. தோட்டத்துக் கடையை நடத்தியவர் பலவிடங்களில் கங்காணியே. சம்பளநாள் வரையில் கடன், சம்பளநாளில் கழிவு, மறுநாள் முதல் மீண்டும் கடன் என்று அக்கடை ஓடிற்று. அதன் கொடுமையைப் பற்றி எழுதியோர் பலர். அக்கடையின் பலகையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. கீரையைக் கடனுக்கு எழுதி மாத முடிவில் வசூலிக்கக் கங்காணியால் முடிந்திருக்கும். வாங்குவோர் வரும்வரை அதனைக் காத்துவைக்க அவராலும் முடிந்திராது.

சோறு ஒன்றையே நம்பினால் என்ன நேரும் என்பதற்கு மலாயாவிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் பணியாற்றிய சீனத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கில் மாய்த்தது. அதே மாநிலங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. டாக்டர் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர், வேறுபாடு அரிசியில் இருப்பதைச் சுட்டினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் இதனை மேலும் ஆராய முற்பட்டனர். நெகிரி செம்பிலான் காட்டுப்பகுதியில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளரை இரு கூறாக்கி, இருவகை அரிசியையும் மாறிமாறி உண்ணச் செய்து கண்ட முடிவை 1909 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று அத்தகைய சோதனைக்கு எந்த மருத்துவ மன்றமும் இசையாது. தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஒரு சத்தே நோயைத் தடுக்கின்றது என்பதும், நெல்லை வேகவைக்கும்போது அச்சத்து அரிசியினுள் புகுந்து தங்கிவிடுகின்றது என்பதும் பின்னர்த் தெளிவாயின. அதற்குத் தயமின் என்று பெயரும் வந்தது. தாய்நாட்டு வழக்கத்தை விடாமையால் தமிழர் அந்நோய்க்குத் தப்பினர். எனினும் புழுங்கலரிசி காத்தது அந்த ஒரு நோயிலிருந்தே. கீரையும் காயும் பாலும் தரும் பிற சத்துகளை அது தந்துவிடாது.

அச்சத்துகள் கடையிலிருந்து வரவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த நிலத்திலிருந்து வந்தன. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துத் தொழிலாளர் சட்டக்கோவை, குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்குமாறு முதலாளிகளைப் பணித்தது. அது சுமார் 2,700 சதுர அடி. சட்டத்தின் எழுத்தும் தரையின் நிலையும் எல்லாத் தோட்டங்களிலும் ஒத்திருந்தன என்று கொள்வதற்கில்லை. ஆயினும் வேலியோரத்து முருங்கையும், கிணற்றடிப் பசலையும், கூரைமேல் படர்ந்த பூசணியும், கொட்டிலில் ஒன்றிரண்டு பசுக்களும் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர் யாவரும் அறிந்தவை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நண்பகல் கடந்து பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண், மாலையில் அரைமணி நேரம் கொல்லையில் குனிந்தாள். இரவுக் குழம்புக்குக் கீரை கிடைத்தது. செடிக்கும் அடுப்புக்கும் இடையே இருபதடித் தொலைவு. வாடுவதற்கு நேரமே இல்லை.

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசிக் கப்பல்கள் நின்றபோது இந்நிலத்தில் விளைந்த மரவள்ளிக்கிழங்கே பலருயிரைப் பிடித்து நிறுத்திற்று. அது போதாமல் மாண்டோரும் பலர். அதன் பின் வந்த அவசரகாலம் இந்நூற்றாண்டு வாசகருக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தியைத் தருகின்றது. 1948 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1950 ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி, சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு எட்டாதிருக்கும் பொருட்டுக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. கடையில் விற்கும் தகரடப்பாவை அங்கேயே துளையிட்டுக் கொடுக்கவேண்டும். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு செல்லலாகாது. சில பகுதிகளில் அரிசியை அரிசியாக விற்காமல் பொது அடுப்பில் சமைத்துச் சோறாகவே கொடுத்தனர். ஏனெனில் சோறு ஒரு நாளில் கெட்டுவிடும். அதனைக் காட்டில் சேமித்துவைக்க இயலாது. கெடும் உணவு தொலைவு செல்லாது என்ற உண்மையை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். அதனைப் போர்க்கருவியாகவும் ஆக்கினர். அதே அறிவைக்கொண்டு, கெடும் உணவைக் குடும்பங்களிடம் விரைந்து சேர்க்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை.

பணத்தைத் திரட்டுவதில் தோட்டப்புறத் தமிழர் பிற்பட்டவரல்லர். மலாய் மாநிலங்களில் 1922 ஆம் ஆண்டு கூட்டுறவு இலாகா தொடங்கப்பெற்றது. அக்காலத்தார் ஐக்கிய நாணயச் சங்கம் என்று அழைத்த அமைப்பு விரைவில் தோட்டங்களுக்கும் பரவிற்று. போருக்குப் பின் விலைவாசி ஏறியபோது கூட்டுறவுப் பண்டசாலைகளும் எழுந்தன. அவற்றுள் பல நெடுநாள் நிற்கவில்லை. 1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கவே, வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். அந்நிலையில், சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக விளங்கிய வீ. தி. சம்பந்தன் 1960 ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெறலாம் என்பது ஏற்பாடு. பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரால் தோட்டத்தை விலைபேச இயலாது. பல்லாயிரவர் சேர்ந்தபோது இயன்றது. ஒருவர் தனியே தாங்கவொண்ணாத இடரைப் பலர் பங்கிட்டுத் தாங்கலாம் என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. அது நிலத்தின் இடரைத் தாங்கிற்று. கீரையின் இடரைத் தாங்க அக்காலத்தில் எவரும் வேண்டியதில்லை, கொல்லை இருந்தது.

கொல்லை போனபிறகுதான் சிக்கல் தொடங்கிற்று. 1970களுக்குப் பின் பால்மரம் வெட்டுண்டு செம்பனை எழுந்தது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. பின்னர் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். பட்டணத்தை அடுத்த தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. தோட்டத்தை விட்ட குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் தங்கின. இடம்பெயர்ந்தபோது நடந்த பேச்சுவார்த்தைகளில் வீட்டைப் பற்றிப் பேசினர். கோயிலைப் பற்றிப் பேசினர். பள்ளியைப் பற்றியும் பேசினர். முருங்கை மரத்தைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. நான்காம் மாடியில் முருங்கை வளராது, பசு ஏறாது. அதுவரை காசில்லாமல் கிடைத்த ஒரு பண்டம் அன்றுமுதல் காசுக்குரியதாயிற்று. குடும்ப வரவில் அதற்கென்று ஒரு சென்னும் கூடவில்லை.

மலேசிய சுகாதார அமைச்சின் 2019 ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று கண்டது. இக்குறை எல்லா இனத்தார்க்கும் பொது. ஆனால் நீரிழிவு நோய் நாட்டளவில் 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியரிடையே 31.4 விழுக்காடாக இருந்தது. மரபும், தீட்டிய அரிசியும், சர்க்கரை மிகுந்த தேநீரும், உடலுழைப்புக் குறைவும் இதில் பங்குடையவை. கீரையின்மை ஒன்றே காரணம் என்று கூறுவது மிகை. எனினும் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள் என்று மருத்துவமனைத் தாதியர் கூறி அனுப்பும்போது, அக்காயை எங்கே வாங்குவது என்ற வினாவும் நோயாளியோடு வீடு திரும்புகின்றது.

இதில் வேடிக்கை என்னவெனில், பேரா காய்கறிக்குப் பஞ்சமான மாநிலம் அன்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசிக் கைவிட்ட மணல்நிலங்களைச் சீனக் குடியானவர் எருவிட்டுக் காய்கறித் தோட்டங்களாக்கினர். ஈப்போவின் அவரைமுளையும், தம்பூனின் பம்பளிமாசும், பீடோரின் கொய்யாவும் நாடறிந்தவை. தஞ்சோங் துவாலாங் பக்கத்துச் சுரங்கக் குட்டைகளில் மீனும் இறாலும் வளர்கின்றன. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், அதன் முட்டைக்கோசும் தக்காளியும் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ பேரா மண்ணில் இறங்கியே கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. லோரிகள் இரவில் தோட்டப்புறச் சந்திகளைக் கடந்து ஓடுகின்றன. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஐந்து, பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாற்பது வீட்டுக் குடியிருப்புக்கு அவை திரும்புவதில்லை. திரும்பாமைக்குக் காரணம் இரக்கமின்மை எனக் கொள்ளலாகாது. அது கணக்கு.

அக்கணக்கை விளங்கிக்கொள்ளக் காய்கறியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பறித்த பின்னும் கீரைக்கு உயிர் உண்டு. அது மூச்சுவிடுகின்றது, தன்னிடமுள்ள நீரையும் சத்தையும் செலவிடுகின்றது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அம்மூச்சின் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகின்றது. பசலை போன்ற மென்கீரை தன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு நீரை இழந்தாலே தலை தொங்கிவிடும். வாங்குவோர் கை வைக்கமாட்டார். முட்டைக்கோசு அதைப்போல் இருமடங்கு இழப்பைத் தாங்கும். பூசணியும் சாம்பற்பூசணியும் மாதக்கணக்கில் கிடக்கும். தோட்டப்புறச் சில்லறைக் கடையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகிய மூன்றுமே காணப்படுவதன் இரகசியம் இதுதான். கடைக்காரருக்குச் சுவையறிவு இல்லை என்பதன்று. இவை உப்பின் உறவினர். ஈரச்சாக்கு போர்த்துக் குளிரச் செய்யும் பழைய முறை மதுரை வெயிலில் நன்கு பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த ஈப்போவில் அதன் பயன் குறைவு.

இனி ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. வேன் வைத்திருக்கும் ஒருவர் ஈப்போ மொத்த வியாபாரிகளிடம் 400 வெள்ளிக்குக் காய்கறி வாங்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். காற்பங்கு இலாபம் வைத்தால் முழுதும் விற்கும்போது 500 வெள்ளி கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு விற்காமல் வாடினால் வரவு 450. மிஞ்சிய 50 வெள்ளியில் எண்ணெய்ச் செலவும் ஐஸ்கட்டியும் ஓட்டுபவர் கூலியும் அடங்கவேண்டும். ஐந்தில் ஒரு பங்கு வாடினால் வரவு 400. முதல் மட்டுமே மீண்டது. அன்றைய உழைப்பும் எண்ணெயும் வீண். அரிசி விற்பவருக்கு இத்தொல்லை இல்லை. இன்று போகாத மூட்டை நாளை போகும். ஆகவே காய்கறி வேன்காரர் மூன்றில் ஒன்றைச் செய்கின்றார்: விலையை ஏற்றுகின்றார், அல்லது வாடாத காயை மட்டும் ஏற்றுகின்றார், அல்லது ஆறு மாதத்தில் தொழிலையே விட்டுவிடுகின்றார். மூன்றிலும் இழப்பவர் தோட்டத்துப் பெண்ணே. பட்டணத்து இரவுச் சந்தையில் இந்நட்டம் குறைவு. ஏனெனில் கூட்டம் மிகுதி. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடியது மதுரை மாநகரில் வைத்தே என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

அரசினர் உதவிகள் இல்லாமலில்லை. விவசாயப் பொருள் விற்பனைக்கென 1965 ஆம் ஆண்டில் பாமா வாரியம் நிறுவப்பெற்றது. அதன் உழவர் சந்தைகள் 1985 முதல் நடைபெறுகின்றன. அவை பட்டணங்களில் செழித்தன. செழிப்பதற்குக் கூட்டம் வேண்டும் என்பதால் உள்தோட்டங்களை எட்டவில்லை. 2023 முதல் நடக்கும் ரஹ்மா மலிவு விற்பனை, வரும் நாளில் பேருதவியே. ஆனால் கீரை வாரத்திற்கு இரண்டு மூன்று முறை வேண்டும் பண்டம். என்றேனும் ஒருநாள் வரும் மலிவு விற்பனையில் குடும்பத்தார் எண்ணெயும் அரிசியும் வாங்கி வைப்பர். அதுவே அறிவுடைமையும் ஆகும். இந்தியச் சிறுவணிகர்க்குக் கடன் தரும் ஸ்பூமி திட்டத்திற்கு 2024 ஆம் ஆண்டில் தெக்குன் வழியாகக் கூடுதலாக 3 கோடி வெள்ளியும், இந்தியப் பெண்களுக்கென்று அமானா இக்தியார் வழியாகப் பெண் என்னும் திட்டத்திற்கு 5 கோடி வெள்ளியும் அறிவிக்கப்பட்டன. தையலுக்கும் பலகாரத்திற்கும் இவை ஏற்றவை. காய்கறி வேனுக்கு ஏற்றவையல்ல. வாடிய கீரை கடனைத் திருப்பிச் செலுத்தாது. அக்கடன் நட்டத்தை நீக்குவதில்லை. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து அதற்கு மேலும் ஒரு சுமையைச் சேர்க்கின்றது.

பிறநாட்டார் பட்டறிவும் இதனையே காட்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2004 ஆம் ஆண்டில் 3 கோடி டாலர் ஒதுக்கி, காய்கறி கிட்டாத ஏழைப் பகுதிகளில் பெருங்கடைகள் எழ உதவிற்று. பிலடெல்பியாவில் புதுக்கடை திறக்கப்பட்ட ஒரு பகுதியைப் பற்றி 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நல்லுணவு அருகில் கிட்டுகின்றது என்ற எண்ணம் மக்களிடம் வளர்ந்ததையும், அவர்கள் உண்ட காய்கறியின் அளவு கூடாமையையும் ஒருங்கே கண்டது. கடை கட்டுவது எளிது. பழக்கத்தின் பாதையில் காயைக் கொண்டுவந்து வைப்பது அரிது. அந்நாட்டு நடுவண் அரசு உள்ளூர் விளைபொருளை வாங்கி ஏழைகளுக்கு வழங்கும் திட்டங்களைத் தொடங்கிப் பின் 2025 மார்ச்சில் திடீரென நிறுத்தியது. நாற்று விட்டு நிலத்தை ஒழுங்கு செய்திருந்த குடியானவர் கையைப் பிசைந்து நின்றனர். பயிருக்கு ஒரு பருவம் உண்டு. நிதிக்கும் அப்பருவத்தளவாவது உறுதி இருத்தல் வேண்டும்.

தமிழகத்தில் 1999 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். உழவர்க்கு அடையாள அட்டை கொடுத்து, கடைக்கு வாடகையின்றி இடமும் தராசும் கொடுத்தனர். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாட விலையைப் பலகையில் எழுதினர். கடன் கொடுப்பதற்கு மாறாக, செலவுகளையே எடுத்துக் களைந்த முறை இது. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அது பரவிற்று. ஆயினும் விற்காத காயின் நட்டம் அங்கும் உழவர் தலையில்தான். ஆதலின் அண்மை ஊரார்க்கே அது பெரிதும் பயன்பட்டது. பிரேசில் நாட்டார் வேறொரு வழி கண்டனர். பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்பப் பண்ணைகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். காய் வண்டியேறுமுன்பே அதற்கு ஒரு வாய் உறுதியாகிவிடுகின்றது. விலைபோகுமா என்ற அச்சம் அத்தனையளவு குறைகின்றது.

பேராவில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டங்களிலேயோ தோட்டமாக இருந்த இடங்களிலேயோ நிற்பவை. ஏழை மாணவர்க்கு உணவளிக்கும் கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் நடைபெறுகின்றது. அதன் பட்டியலில் காயும் பழமும் இடம்பெறுகின்றன. நூறு மாணவர்கூட இல்லாத பள்ளியின் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் அச்சிறு அளவைத் தாமே மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வருகின்றார். அவ்வாறுள்ள ஐந்து பள்ளிகளின் தேவையை ஒன்றாகத் திரட்டினால், ஒரு வேனுக்கு அடிப்படைக் கட்டளை கிடைத்துவிடும். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மாரும், பள்ளி முடியும்போது அழைத்துச் செல்ல வரும் தாத்தா பாட்டிமாரும் பள்ளி வாயிலில் எப்படியும் கூடுகின்றனர். நாளொன்றுக்குக் காலையில் ஒரு பள்ளி, நண்பகலில் ஒரு பள்ளி என்று நின்றால், ஒரு வேன் ஐந்து பள்ளிகளை வாரம் இருமுறை எட்டும். காலை நிறுத்தத்தில் கீரை. வெயிலேறிய நண்பகல் நிறுத்தத்தில் பூசணி, கத்தரி, வெண்டை. இவ்வளவு அற்பமான ஒழுங்குகூட நட்டத்தைக் குறைக்கும்.

திரும்பும் வேன் வெறுமையாக வரவேண்டியதில்லை. ஆய்மகள் மோர் கொண்டுபோய் நெல் கொண்டுவந்தாள். தோட்டத்து எஞ்சிய வேலிகளில் முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் இன்றும் உண்டு. ஈப்போ லிட்டில் இந்தியாவில் அவற்றை விலைகொடுத்து வாங்குவோரும் உண்டு. ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருத்தி பத்துக் கட்டு முருங்கைக்கீரையை வேனில் ஏற்றிவிட்டு, அதன் விலைக்குத் தக்காளியும் கேரட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு ஒழுங்கு செய்த பின்னும் எஞ்சும் வாடல் இருக்கும். பொதுநிதி போய்ச் சேரவேண்டிய இடம் அதுவே. விற்காது கழிந்த காயின் கொள்முதல் விலையில் பாதியை நிதி ஏற்கட்டும். மறுபாதி வேன்காரர் பொறுப்பாக இருக்கட்டும். முழுதையும் ஏற்றால் அவர் கணக்கின்றி ஏற்றுவார். ஒன்றும் ஏற்காவிட்டால் கீரையை ஏற்றவே மாட்டார். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு வாடிய நாளுக்கு இந்த ஈடு 40 வெள்ளியே. ஆண்டில் இருநூறு நாள் வேன் ஓடி, ஒவ்வொரு நாளும் அவ்வளவு வாடினாலும் 8,000 வெள்ளி. ஒரு விழா மேடையின் செலவு என்று சொல்லத் தோன்றுகின்றது, அதனை விடுவோம். வாடுமுன் எஞ்சியதைப் பிற்பகலிலேயே முதியோர் இல்லங்களுக்கும் உணவு வங்கிக்கும் கொடுத்துவிடுதலும் கூடும். நல்லெண்ணத்தோடு உணவு வழங்குவோரை வழக்கிலிருந்து காக்க 2020 ஆம் ஆண்டில் உணவு வழங்குவோர் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. கணக்கு வைப்பது கூட்டுறவுச் சங்கத்தின் வேலை. ஈடு கேட்போர் கழிந்த காயை நிறுத்துக் காட்டவேண்டும். பள்ளிதோறும் ஒரு பெற்றோர் அவ்வேட்டில் ஒப்பமிடலாம். சங்கத்தின் இருப்பு மூன்றாண்டுக்காவது முன்னதாக வங்கியில் இருத்தல் நலம்.

ஓர் இடையூறு எஞ்சுகின்றது. பள்ளி விடுமுறையில் கூடுதல் உணவுத் திட்டமும் இல்லை. வாயிலில் கூட்டமும் இல்லை. ஆண்டிறுதி விடுமுறை வாரக்கணக்கில் நீளும். அந்நாட்களில் வேனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலடிக்கு, வெள்ளிக்கிழமை மாலைப் பூசை நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். செவ்வாயன்று வரும் கூட்டம் வெள்ளியின் பாதிதான். அன்றைக்குச் சரக்கையும் பாதியாக ஏற்றிக்கொள்ளலாம்.